மோசமான நேரத்தில் போய் வீட்டைப் பாருங்கள்

சென்னையில் வீடு வாங்க யோசனை கேட்டு எனக்கு எழுதியவரின் நிலைமை இது. மனைவிக்குக் கிண்டியில் வேலை. கேட்டவருக்கு வாரத்தில் மூன்று நாள் பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் அலுவலகம்; ஒன்பது வயது மகனுக்கு மழைக்காலம் வந்தாலே வீசிங்; கும்பகோணத்து வீட்டை விட்டுவிட்டு இனி இவர்களோடு தங்கப்போகும் தாயாருக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. பார்த்து வைத்திருக்கும் வீடுகள் இரண்டு. ஒன்று, அதே ஓ.எம்.ஆரில் சிறுசேரிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டி முடித்த அடுக்ககத்தின் 12-ஆம் மாடியில் 1,450 சதுர அடி, மூன்று படுக்கையறை. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் உண்டு. மற்றொன்று, மேற்கு மாம்பலத்தில் 18 ஆண்டுப் பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, லிஃப்ட் கிடையாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. உடம்புக்கும் மனசுக்கும் இவற்றில் எது நல்லது என்பது கேள்வி.

கட்டடப் பொறியாளராக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துவிட்டு, இப்போது வீடு வாங்குவோருக்காக வீட்டைப் பார்த்துச் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் முதல் கேள்வி, நீங்கள் அந்த வீடுகளை எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதுதான். அநேகமாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில், சாம்பிராணி போட்டு, எல்லா விளக்கையும் எரியவிட்டு, ஏ.சி.யை ஓடவிட்டுக் காட்டியிருப்பார்கள். அந்த நேரத்தில் எந்த வீடும் நல்ல வீடுதான். குடியேறிய பிறகு உங்களைப் படுத்தப்போவது கத்திரி வெயிலில் பிற்பகல் மூன்று மணி, இரவு பதினொரு மணி, நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை எட்டரை ஆகிய நேரங்கள். அந்த நேரங்களில் வீடு எப்படி இருக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் யாருடைய உடம்பு மிகவும் பலவீனமானதோ, அவருடைய உடம்பை அளவுகோலாக வைத்தே அதைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அதில்தான். 2003-இல் நான் வாங்கிய முதல் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தது. படுக்கையறைக்கு மேற்கிலும் தெற்கிலும் வெளிச்சுவர். மார்கழியில் பார்த்து வாங்கினேன். மே மாதத்தில் ஓர் இரவு பத்து மணிக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தபோது, இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணியைத் தொட்டது போல் இருந்தது. காரணம் எனக்குத் தெரியாததல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளியில் வாங்கும் வெயிலை உள்ளே கொண்டுவந்து சேர்க்க ஏறக்குறைய ஏழு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் அடித்த வெயில், குழந்தை தூங்கப்போகும் நேரத்தில் அறைக்குள் வந்து நிற்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லும் பொறியாளனுக்குத் தன் வீட்டு விஷயத்தில் மூளை வேலை செய்யவில்லை என்பதை என் மனைவி இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆகவே தெற்குச் சுவரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தெற்கே வெயில் விழும் குளிர்காலத்திலும் சூரியன் உயரமாகவே இருப்பதால், இரண்டடி சன்ஷேடு ஜன்னலின் பெரும்பகுதியை நிழலில் வைத்துவிடும். மேற்கு வெயில் அப்படியல்ல. தாழ்வாக, நேராக முகத்தில் அடிப்பது. அதற்குச் சன்ஷேடு பயன்படாது. எதிரே மரமோ, கட்டடமோ, வெளியில் தொங்கும் தட்டியோ வேண்டும். உங்கள் 12-ஆம் மாடி வீட்டின் வரைபடத்தைப் பார்த்தேன். பெரிய படுக்கையறையும் தாயாருக்கென்று நீங்கள் குறித்திருக்கும் அறையும் மேற்கே பார்த்தவை. அந்த உயரத்துக்கு எந்த மரமும் வராது. அதோடு, இப்போதைய உயரக் கட்டடங்கள் பலவற்றில் மைவான் என்று சொல்லப்படும் அலுமினிய அச்சு முறையில் சுவரையே கான்கிரீட்டாக வார்க்கிறார்கள். கான்கிரீட் செங்கல்லைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கட்டடத்தைத் தாங்குவதும் அந்தச் சுவரே என்பதால் பின்னால் இடிக்கவோ ஜன்னலைப் பெரிதாக்கவோ முடியாது. உங்கள் கட்டடம் எந்த முறையில் கட்டியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் வாஸ்து பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கேட்காமல் யாரும் விடுவதில்லை. குடும்பத் தலைவரின் படுக்கை கன்னி மூலையான தென்மேற்கில், அடுப்பு அக்னி மூலையான தென்கிழக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். சென்னையில் தென்மேற்கு அறைதான் இரவில் அதிகம் புழுங்கும் அறை. தென்கிழக்கிலிருந்துதான் மாலையில் கடற்காற்று வருகிறது. அங்கே அடுப்பு இருந்தால் தாளிக்கிற புகை கூடத்தைக் கடந்துதான் வெளியேறும். நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம்பிக்கை உள்ளவருக்கு அது தரும் மன அமைதியும் ஒரு கணக்குதான். ஆனால் வாஸ்துவுக்காக மூச்சுக்காற்றை விட்டுக்கொடுக்கிறோமா என்பதைத் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும்.

காற்றைப் பற்றி நம்முடைய மொழிக்கு நல்ல அறிவு இருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள், அந்தத் திசை பார்த்துத்தான் வாசலும் முற்றமும் வைத்திருப்பார்கள். சென்னையின் கோடை நாளைத் தாங்கச் செய்வது நண்பகலுக்குப் பிறகு கிளம்பும் கடற்காற்று. மேற்குக் காற்று பலமாக இருந்து அது தாமதமாகும் நாள்களில்தான் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. அந்தக் காற்று வீட்டுக்குள் வருகிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். மாலை நான்கு மணிக்குப் போய், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கிழக்கு அல்லது தெற்கு ஜன்னலோரம் ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை உள்ளே வளைந்து அறையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனால் காற்றோட்டம் உண்டு. நேராக மேலே எழுந்து நின்றால் அந்த அறைக்கு ஒரே வாய்தான் இருக்கிறது என்று பொருள். ஒரு வழியில் நுழைந்து இன்னொரு வழியில் வெளியேற முடியாத காற்று, நுழைவதும் இல்லை.

ஜன்னலின் அளவையும் அளந்துவிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிச்சத்துக்கும் காற்றுக்குமான திறப்பு இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அது 20 சதுர அடி. ஐந்தடிக்கு நான்கடி ஜன்னல் வைத்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் அது ஒன்றன்மேல் ஒன்று நகரும் கண்ணாடி ஜன்னலாக இருந்தால் எந்நேரமும் பாதிதான் திறக்கும், காற்றுக்குக் கிடைப்பது பத்தே சதுர அடி. பழைய கட்டடங்களின் மர ஜன்னல் வெளிப்பக்கம் முழுக்கத் திறப்பது; மேற்கு மாம்பல வீட்டில் அந்தச் சாதகம் இருக்கலாம். கொசுவலை இருக்கிறதா என்பதையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வலை இல்லாத வீட்டில் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்துவார்கள், சுருளைக் கொளுத்துவார்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீசிங் உள்ள பிள்ளை படுக்கும் அறையில் அது வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்காக நீங்கள் மிக அதிகமாகத் தேட வேண்டியது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். ஈரம் ஏறிய வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இழுப்பும் இருமலும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டுக்குள் ஈரம், பூஞ்சை பற்றி வெளியிட்ட வழிகாட்டு நூலில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. மருந்தை மருத்துவர் பார்த்துக்கொள்வார். சுவரை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஓதத்தைப் பெயின்ட் மறைத்துவிடும். பட்டி பார்த்து இரண்டு கை அடித்தால் ஆறு மாதம் தாங்கும். விற்பவருக்கு அந்த ஆறு மாதம் போதும். ஒரு வீட்டில் எல்லாச் சுவரும் பழையதாக இருக்க ஒரே ஒரு சுவர் மட்டும் புதிதாக மின்னினால், அந்தச் சுவரைத்தான் நான் முதலில் தட்டிப் பார்ப்பேன். 

எங்கே பார்ப்பது என்று கேட்டால், மனிதர் பார்க்காத இடங்களில். சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருவருக்காக ஒரு பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். கூடம் பளிச்சென்று இருந்தது. படுக்கையறையில் சுவரோடு ஒட்டிய மர அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த போர்வைகளைச் சற்று விலக்கிவிட்டுப் பின்பலகையில் கையை வைத்தேன். பலகை மெத்தென்று அமுங்கியது. கையை எடுத்தபோது விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தது. நனைந்த கோணியின் வாடை அடித்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. உள்ளே ஓடும் குழாயில் எங்கேயோ சொட்டு, எத்தனையோ வருடமாக. வீட்டுக்காரர் பொய் சொன்னார் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவர் அந்த அலமாரியின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். ஆகவே குளியலறைக்கு அடுத்த சுவர், ஜன்னலின் கீழ் மூலைகள், சன்ஷேடின் அடிப்பக்கம், பரணின் உள்கூரை, கழுவுதொட்டிக்குக் கீழே உள்ள மூலை ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புப் பூத்திருப்பது, பெயின்ட் அப்பளம் போலப் பொரிந்திருப்பது, தட்டினால் ஓட்டைச் சத்தம் கேட்பது எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. பழைய கட்டடம் என்பதால் தூண்களிலும் சன்ஷேடுகளிலும் கம்பி துருப்பிடித்துச் சிமென்ட் உதிர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது உடல்நலத்தைத் தாண்டி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். புதுக் கட்டடத்திலும் முதல் ஓராண்டு சுவர்கள் கட்டுமான ஈரத்தை உலர்த்திக்கொண்டிருக்கும் என்பதால் பெயின்ட் வாடையும் ஈர வாடையும் அடங்கும்வரை ஜன்னல்களைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஒரு சாதகம், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையையும் வேலைத்தரக் குறையையும் கட்டியவரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டுக்கு அப்படிக் கேட்க ஆள் கிடையாது.

அதே சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கும், அதாவது வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் தரைப்பரப்புக்கும், வரையறை தந்திருக்கிறது. வெளிச்சுவரும் பால்கனியும் பொது இடங்களும் அதில் சேரா. உங்களிடம் சொல்லப்பட்ட 1,450 சதுர அடி, லிஃப்ட் வாசலையும் மாடிப்படியையும் பங்கு போட்ட கணக்காகத்தான் இருக்கும். காலை வைத்து நடக்கும் இடம் அநேகமாக ஆயிரத்தைச் சுற்றியே வரும். எழுத்தில் கேளுங்கள். மாம்பலத்து 850-ஐயும் டேப் வைத்து அளந்துவிட்டு ஒப்பிட்டால் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

மழைத் தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். ஆனாலும் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு சாலை இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. லாங் டேங்க் என்று அழைக்கப்பட்ட நீண்ட ஏரி அந்தப் பக்கம் இருந்தது. அதைத் தூர்த்து எழுந்ததுதான் 1920-களில் தொடங்கிய தியாகராய நகர். ஊர்ப்பெயரிலும் தெருப்பெயரிலும் ஏரி, தாங்கல், குளம், கரணை என்று இருந்தால் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். ஓ.எம்.ஆர். பக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதிலிருந்து வடியும் ஒக்கியம் மடுவும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்த நீர்வழி. பன்னிரண்டாம் மாடிக்குத் தண்ணீர் வராது என்பது உண்மைதான். ஆனால் தரைத்தளத்தில் இருக்கும் மின் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் லிஃப்ட் நிற்கும், மோட்டார் நிற்கும்; 71 வயதுக்காரர் பன்னிரண்டு மாடி உயரத்தில் சிறையிருப்பார். ஆகவே ஜெனரேட்டரும் மின்பலகையும் எவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளம் எதுவரை வந்தது என்பதை விற்பவரிடம் கேட்காமல் எதிரே இருக்கும் டீக்கடையில் கேளுங்கள். இஸ்திரி வண்டிக்காரர் இன்னும் துல்லியமாக, எந்தப் படிவரை என்றே சொல்வார்.

குடிநீர் பற்றிச் சுருக்கமாக: 2019 ஜூனில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது எந்த வீட்டில் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று அசோசியேஷன் கணக்கில் இருக்கும்; அதைக் கேட்டுப் பாருங்கள். போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கூடத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லையென்றால் 2,000 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். லாரிக்காகக் காத்திருக்கும் வீட்டில் மே மாதம் முழுக்க யாரும் நிம்மதியாக இருப்பதில்லை.

இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை போக வேண்டும் என்றேன் அல்லவா, அது சத்தத்துக்காக. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. கைப்பேசிச் செயலியில் தோராயமாக அளந்துகொள்ளலாம். உயரே போனால் சத்தம் குறையும் என்பது பாதி உண்மை. நெடுஞ்சாலையின் தொடர் இரைச்சல் தடையில்லாமல் மேலே ஏறி வரும். அடுக்ககத்தில் சாலையைவிடத் தொல்லை தருவது ஜெனரேட்டர், லிஃப்ட் இயந்திர அறை, தண்ணீர் மோட்டார் ஆகியவையே. எந்தப் படுக்கையறை இவற்றோடு சுவரைப் பகிர்ந்துகொள்கிறது என்று பாருங்கள். மாம்பலத்தில் வேறு வகை. பின்தெருவில் கல்யாண மண்டபம் இருக்கிறதா, ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயிலின் குழாய் ஒலிபெருக்கி எந்தக் கம்பத்தில் கட்டப்படும் என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஆண்டில் பத்து நாள் என்றால் சகித்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. முகூர்த்த நாள் தோறும் நள்ளிரவு வரை செண்டை என்றால் சகிக்க முடியாது.

இனி தாயார். நீங்கள் எழுதியதில் அவருக்கு "தனி அறை, தனிக் குளியலறை, டி.வி. எல்லாம் இருக்கும்" என்று இருந்தது. கும்பகோணத்தில் ஐம்பது வருடம் வாழ்ந்தவருக்கு உங்கள் வீட்டில் இல்லாமல் போகப்போவது அறையல்ல, வாசல். வாசலில் உட்கார்ந்தால் யாராவது வருவார்கள், கீரைக்காரியோடு பத்து நிமிடம் பேச்சு போகும், கோயிலுக்குப் போகிறவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். நான் வயதானவர்களுக்காக வீடு பார்க்கும்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: யார் துணையும் இல்லாமல், யாரிடமும் கேட்காமல், அவர் தாமே நடந்து போய்த் திரும்பக்கூடிய இடங்கள் எத்தனை? கோயில், காய்கறிக் கடை, மருந்துக்கடை, பூங்கா பெஞ்சு, இன்னொரு வயதானவரின் வீடு. மூன்று இருந்தால் நல்லது. ஒன்றுகூட இல்லையென்றால் அந்த வீடு எவ்வளவு வசதியானதாக இருந்தாலும் அவருக்கு அது காத்திருக்கும் அறைதான். இந்தக் கணக்கில் மேற்கு மாம்பலம் தாராளமாகத் தேறும். சிறுசேரி அடுக்ககத்தில் தேறுமா என்பது, அங்கே மாலை ஐந்தரைக்குக் கீழே பெஞ்சுகளில் அவர் வயதொத்தவர்கள் வந்து உட்காருகிறார்களா என்பதைப் பொறுத்தது. சில அடுக்ககங்களில் நன்றாகவே உட்காருகிறார்கள். பஜனையும் உண்டு, சண்டையும் உண்டு. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் மாம்பலத்து வீட்டில் 36 படிகள் இருக்கின்றன. இந்த முழங்காலோடு அவர் அவற்றை நாளுக்கு ஒருமுறை இறங்கி ஏறினால் அதிகம். இரண்டாண்டில் அதுவும் நிற்கும். கோயில் இரண்டு தெரு தள்ளி இருந்து என்ன பயன், ஜன்னலில் மணிச்சத்தம் மட்டும்தான் கேட்கும். படியின் உயரத்தை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது விதித்தொகுப்பு. பழைய கட்டடங்களில் இட நெருக்கடிக்காக எட்டு அங்குலப் படியைப் பார்த்திருக்கிறேன்.

குளியலறையையும் அவருடைய கண்ணால் பாருங்கள். கதவு இரண்டரை அடிதான் இருக்கும். நாளைக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் மூன்றடி வேண்டும். கதவு உட்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவைத் திறக்க விடாமல் அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது ஒரு தச்சருக்கு ஒரு நாள் வேலை. தரையில் தண்ணீரை ஊற்றி வெறுங்காலை வைத்துப் பாருங்கள். பளபளக்கும் டைல்ஸ் என்றால் அதைப் பெயர்த்துச் சொரசொரப்பானதைப் போடும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனநலம் என்று தனியாகக் கேட்டதால் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார்கள். வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய சட்டமெல்லாம் இயற்ற முடியாது. ஆனாலும் காலையில் எழுந்ததும் கண்ணில் படுவது தூங்குமூஞ்சி மரமா, பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாயா என்பது பொருட்படுத்தத் தக்கதுதான். ஒரு எச்சரிக்கை: இன்று அந்த ஜன்னலுக்கு எதிரே காலி மனை இருந்தால், அந்த வானமும் காற்றும் உங்களுடையவை என்று எண்ணாதீர்கள். அங்கே கட்டப்போகிறவர் சட்டப்படி விட வேண்டிய பக்கவெளி சில அடிதான்.

பயண நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே திங்கட்கிழமை எட்டரை மணிக்குச் சிறுசேரியிலிருந்து கிண்டிக்கு ஒருமுறை வண்டி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். உங்கள் மனைவி வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும். நீங்கள் மூன்று நாள்தான். ப்ரூனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜெர்மானிய மக்களின் வாழ்க்கைத் திருப்தியைப் பல ஆண்டுத் தரவுகளில் பார்த்து 2008-இல் எழுதினார்கள். நீண்ட பயணத்தைப் பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ ஈடுகட்டிவிடும் என்று மக்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அப்படி ஈடாகவில்லை என்பது அவர்களின் முடிவு. மூன்றாவது படுக்கையறைக்காக உங்கள் மனைவி தினமும் தரும் விலை இது என்பதால், முடிவை அவரே சொல்லட்டும்.

கடனும் உடம்பைப் பாதிக்கும் விஷயம்தான். 75 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, இருபது ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 65,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து லட்சத்துக்கும் மாதம் ஏறக்குறைய 8,700 கூடும். இருவரில் ஒருவர் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தால் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், எவ்வளவு நல்ல காற்று வந்தாலும் அந்த வீட்டில் தூக்கம் வராது.

என் கருத்து இதுதான். இரண்டு வீடுமே உங்கள் குடும்பத்துக்கு ஏற்றவையல்ல. பன்னிரண்டாம் மாடி வீடு தாயாருக்கு மேற்கு வெயிலைத் தந்து வாசலைப் பறிக்கிறது. உங்கள் மனைவியின் நாளில் பெரும் பங்கையும் எடுத்துக்கொள்கிறது. மாம்பலத்து வீடு சரியான இடத்தில் இருக்கும் தவறான கட்டடம். இடத்தை வைத்துக்கொண்டு கட்டடத்தை மாற்றுங்கள்: மேற்கு மாம்பலம், அசோக் நகர், சைதாப்பேட்டை, நங்கநல்லூர் பக்கம், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் முதல் அல்லது இரண்டாம் மாடி, அதற்கு மேல் இன்னொரு மாடியாவது இருக்கும்படி, படுக்கையறை ஒன்றாவது கிழக்கிலோ தெற்கிலோ திறக்கும்படித் தேடுங்கள். பரப்பு எண்ணூறு என்றாலும் போதும்.

அவசரம் இல்லையென்றால் ஓராண்டு அந்தப் பகுதியிலேயே, முடிந்தால் வாங்க நினைக்கும் கட்டடத்திலேயே, வாடகைக்கு இருந்து பாருங்கள். மார்ச்சில் குடிபோனால் ஒரு கத்திரி, ஓர் ஆடி, ஒரு ஐப்பசி மழை மூன்றும் அந்த ஓராண்டுக்குள் வந்துவிடும். பையனுக்கு இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது, அம்மா எத்தனை நாள் தாமாகவே கீழே இறங்கிப் போனார் என்று சமையலறை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த தை மாதம் அந்தத் தாள்களோடு வாருங்கள். வரைபடத்தைவிட அவற்றை வைத்துப் பேசுவது எனக்கும் எளிது.